சந்தன மரத்தின் "ஸ்பைக்" வியாதி: காட்டின் ஆரோக்கியத்தைக் கவனிப்போர் வேலை

கத்தரித் தோட்டம் வைத்துள்ள குடியானவர் ஒவ்வொருவரும் சிற்றிலை நோயைக் கண்டிருப்பார். செழித்து நின்ற செடியில் இலைகள் சிறுத்துப்போம். கணுக்கள் நெருங்கிக் குத்துக் குத்தாகத் துளிர்கள் கிளம்பும். பூப் பிடிக்காது, பிடிப்பினும் பச்சையாய்த் திரிந்து காய் வைக்காது. அனுபவமுள்ளவர் அச்செடியை உடனே வேரோடு பிடுங்கி எறிந்துவிடுவர். போவது ஒரு செடி. வேறு நாற்று நட்டுக்கொள்ளலாம். எள்ளுக் கொல்லையிலும் பூக்களெல்லாம் இலைகளாக மாறிவிடுகிற நோய் ஒன்றுண்டு. இவ்விரண்டுக்கும் ஓரினக் கிருமியே காரணமென்பதும், தத்துப்பூச்சிகளே அதனைச் செடிக்குச் செடி கொண்டு செல்கின்றன என்பதும் இப்போது நன்கு தெரிந்த விஷயங்கள்.

அதே இனத்தைச் சேர்ந்த நோயொன்று, பலன் தருவதற்கு முப்பது நாற்பது வருஷம் பிடிக்கும் மரத்துக்கு வருமாயின் என் செய்வது? பிடுங்கி எறிவதென்றால் எறிவது ஒரு தலைமுறையின் காத்திருப்பை. எறியாது விடுவதென்றால் பக்கத்து மரங்கட்கும் அபாயம். சந்தன மரத்துக்கு வரும் "ஸ்பைக்" வியாதி இத்தகையது. காட்டின் ஆரோக்கியத்தைக் கவனிப்பதையே உத்தியோகமாகக் கொண்ட விஞ்ஞானிகள் நம் தேசத்திலும் பிற தேசங்களிலும் சர்க்கார் ஸ்தாபனங்களில் இருக்கின்றனர். அவர்கள் செய்யும் வேலை யாது, அதிலுள்ள சங்கடம் யாது என்பதை அறிவதற்கு இந்த ஒரு வியாதியின் வரலாறே போதுமானது.

முதலில் மரத்தின் சுபாவத்தைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். சந்தனம் தன் வேரைக் கொண்டு மட்டும் பிழைப்பதன்று. அதன் வேர்கள் பக்கத்திலுள்ள வேறு செடி மரங்களின் வேர்களைப் பற்றிக்கொண்டு, சிறு சிறு உறிஞ்சு குமிழ்களை அவற்றினுள் செலுத்தி, நீரையும் உப்புச் சத்துக்களையும் எடுத்துக்கொள்கின்றன. இலைகள் பச்சையாயிருப்பதால் மாவுச் சத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். ஆகவே இதனைப் பாதி ஒட்டுண்ணி எனலாம். நாற்றங்காலில் சந்தனக் கன்றோடு துவரையையும் கூட நடுவது இதனாற்றான். வைரம் என்னும் சேகுதான் மணமும் எண்ணெயும் உள்ள பாகம். வெளிப்புற வெண்மரத்துக்கு மணமில்லை. சேகு பத்து வயதுக்கு முன்னர் பெரும்பாலும் உண்டாவதில்லை. நல்ல அளவில் பாய்வதற்கு முப்பது வருஷத்துக்கு மேலும் ஆகும். விதையைப் பரப்புவோர் பறவைகளே. கருநிறப் பழத்தைத் தின்று புதர்களின்மேல் எச்சமிட, புதரின் நிழலில் கன்று முளைத்து அப்புதரின் வேரையே பற்றிக்கொள்ளும்.

வியாதி கண்ட மரத்தை ஒரு முறை பார்த்தவர் மறக்கமாட்டார். புதுத் துளிரில் வரும் இலை முன்னைய இலையைவிடச் சிறியதாயும் குறுகலாயும் இருக்கும். அடுத்த துளிரில் இன்னும் சிறிது. சாதாரண இலை சற்றுத் தொங்கி நிற்கும். நோயுற்ற இலையோ விறைத்துக் கொம்பினின்று நேராக நீட்டிக்கொண்டு, கிளை முழுவதும் முள்ளடர்ந்த கதிர்போலத் தோன்றும். ஆங்கிலத்தில் இதற்கு "ஸ்பைக்" என்ற பெயர் வந்த காரணம் அதுவே. நிறம் வெளிறிப் பின் செம்மஞ்சளாகும். பூப்பதும் காய்ப்பதும் நின்றுபோம். பூமிக்குள் மெல்லிய வேர்நுனிகளும் உறிஞ்சு குமிழ்களும் அழிந்துபோகின்றன. சாதாரணமாக இரண்டு மூன்று வருஷத்துக்குள் மரம் பட்டுப்போம். இலைகள் குத்தாக நிற்பதன்றி, கிளைகள் நீண்டு தொங்கிப்போகும் மற்றொரு வகையும் உண்டு, அவ்வகை அபூர்வம்.

1899-ல் குடகு நாட்டில் இவ்வியாதி முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. பின்னர் மைசூர் சமஸ்தானத்திலும் சென்னை மாகாணத்துச் சேலம் ஜில்லாவிலும் கண்டது. அக்காலத்தில் சென்னை சர்க்காரின் தாவர சாஸ்திரியாயிருந்த பார்பர் துரை இதனை ஆராய்ந்தார். பிற்காலத்தில் கோயம்புத்தூர்க் கரும்புப் பரிசோதனைகளால் புகழ் பெற்றவர் இவரே. பூஞ்சைக்காளானோ துளைக்கும் புழுவோ இதற்குக் காரணமென்று சொல்ல எதுவும் அகப்படவில்லை. மழைக் குறைவு, காட்டுத்தீ, உண்ணிச்செடியின் பெருக்கம், ஒட்டிப் பிழைக்கும் மரங்கள் மாறிப்போனது என்று அவரவர்க்குத் தோன்றியவாறு பலரும் பல காரணங்கள் கூறினர். மைசூர் விவசாய இலாகாவின் தலைவரான லெஸ்லி கோல்மன் 1917-ல் வெளியிட்ட ஆராய்ச்சியே முதல் தெளிவைத் தந்தது. நோயுற்ற மரத்தின் கொம்பை நல்ல மரத்தில் ஒட்டுக் கட்டினால் நல்ல மரத்துக்கும் நோய் வருகிறது என்று அவர் நிரூபித்தார். வறட்சியும் தீயும் ஒட்டுக் கட்டுவதால் தொற்றக்கூடியவை அல்லவே! ஆகவே இது தொற்றுநோய் என்பது ஸ்திரமாயிற்று.

1930-க்குப் பிந்திய வருஷங்களில் பங்களூர் இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஸ்ரீநிவாஸயாவும் அவருடன் உழைத்தோரும் விரிவான பரிசோதனைகள் நடத்தினர். அன்று சேலம் ஜில்லாவிலும் இன்று கிருஷ்ணகிரி ஜில்லாவிலும் உள்ள தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஜவளகிரிக் காடு அவ்வாராய்ச்சிக்குக் களமாயிருந்தது. பூச்சிகள் மூலம் நோய் பரவக்கூடும் என்பதற்கான ஆதாரத்தை அவர்கள் 1935-ல் வெளியிட்டனர். கிருமியை மட்டும் எவரும் கண்ணால் காணவில்லை. அது வைரஸ் என்றே நெடுநாள் எண்ணியிருந்தனர். 1967-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் முசுக்கட்டைச் செடியின் குள்ளநோயை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்து, சுவரில்லாத மிகச் சிறிய பாக்டீரியா வகையொன்றைக் கண்டனர். இரண்டே வருஷத்தில், 1969-ல், சந்தனத்தின் ஸ்பைக் வியாதியிலும் அத்தகைய ஜீவனே உளதென்று தெரிந்தது. இதற்குப் பைட்டோபிளாஸ்மா என்று இப்போது பெயர். இலை தயாரிக்கும் சர்க்கரைச் சத்து வேருக்கு இறங்கிச் செல்லும் மெல்லிய குழல்களில் மட்டுமே அது வசிக்கும். அதனாலேயே இலையில் மாவுச் சத்து தேங்கி நிற்க, வேர் பட்டினியால் மடிகிறது. நோய் முதன்முதல் கண்ணில் பட்டதற்கும் காரணம் தெரிந்ததற்கும் இடையே சென்றவை 70 வருஷங்கள்.

டெட்ராஸைக்ளின் என்ற மருந்தை மரத்தினுள் செலுத்தினால் நோய்க்குறிகள் அடங்குகின்றன. சில மாதங்களில் திரும்பவும் தோன்றிவிடுகின்றன. ஒவ்வொரு மரத்துக்கும் ஆயுள் முழுதும் மருந்து செலுத்துவது காட்டில் நடக்கக்கூடிய காரியமன்று. நோயைப் பரப்புவனவாகத் தத்துப்பூச்சி இனங்கள் சில குறிப்பிடப்பட்டுள்ளன. எனினும் காட்டில் எந்தப் பூச்சி எவ்வளவு தூரத்துக்கு எந்தப் பருவத்தில் இதனைக் கொண்டு செல்கிறது என்பது இன்னும் முடிவான விஷயமன்று.

இவ்விடத்தில்தான் வன ஆரோக்கிய சூழலியலாளரின் வேலை தொடங்குகிறது. தாவர நோய் நிபுணர் பரிசோதனைச் சாலையில் கிருமியை ஆராய்கிறார். பூச்சி நிபுணர் பூச்சியை ஆராய்கிறார். இவரோ மரம், புதர், மண், மழை, பூச்சி, மேயும் ஆடுமாடு, கோடரி எடுத்து வரும் மனிதன் யாவற்றையும் ஒரே கணக்கில் வைத்துக் காடு முழுவதையும் ஒரு நோயாளியாகப் பார்க்கிறார். வைத்தியர் நாடி பார்ப்பதற்குச் சமானமாக இவருக்குள்ள கருவி எண்ணிக்கையே. பங்களூரில் 1938-ல் வன ஆராய்ச்சிச் சாலையாகத் தொடங்கி, 1988-ல் மர விஞ்ஞான தொழில்நுட்ப ஸ்தாபனமாக அமைந்த மத்திய சர்க்கார் நிலையம் சந்தன ஆராய்ச்சியை முக்கியமாகக் கொண்டது. வன இலாகாவின் ரேஞ்சர்களும் வாட்சர்களும் உடன் வராவிடில் இத்தகைய ஆய்வு நடைபெறாது.

வேலை பார்வைக்கு மிகச் சாதாரணமானது. காட்டில் சில இடங்களைத் தேர்ந்தெடுத்து எல்லை கட்டுவர். அவ்வெல்லைக்குள் உள்ள சந்தன மரம் ஒவ்வொன்றுக்கும், கன்றுக்குங்கூட, ஓர் எண் இடப்படும். தரையினின்று 4½ அடி உயரத்தில் சுற்றளவு எடுக்கப்படும். இலையின் நிலை, பூ, காய், துளை, தீக்காயம், தழைக்காக வெட்டிய அடையாளம், பக்கத்திலுள்ள புதர்களின் பெயர் ஆகியன குறிக்கப்படும். அடுத்த வருஷம் அதே பருவத்தில் அதே மரங்களிடம் மீண்டும் வருவர். அதற்கடுத்த வருஷமும் வருவர். இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நிபந்தனை உண்டு. பாதையோரமாகவோ நோய் உண்டென்று கேள்விப்பட்ட பக்கமாகவோ எடுத்துக்கொள்ளலாகாது. சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல், வந்த இடம் வந்தபடி எடுக்க வேண்டும். நோயுள்ள இடத்தை மட்டும் எண்ணினால் காடெல்லாம் நோயென்று தோன்றும். ஜீப் நிற்கும் இடத்தில் மட்டும் எண்ணினால் கிடைப்பது பாதையின் கணக்கேயன்றிக் காட்டின் கணக்கன்று. சீட்டில் விழுந்த இடம் முட்புதர் நிறைந்த சரிவாயிருப்பினும் இறங்கித்தான் ஆகவேண்டும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளில் யானைக்கூட்டத்துக்கு வழிவிட்டு அரைநாள் காத்திருப்பதும் இவ்வுத்தியோகத்தின் ஒரு பாகமே.

எண்ணுவதிலும் மூன்று மயக்கங்கள் உண்டு. முதலாவது, வேறு காரணத்தால் வாடிய மரம் ஸ்பைக் கண்ட மரம்போல் தோன்றுவது. பற்றியிருந்த புதர் பட்டுப்போயினும், கடும் வறட்சி நேரினும், ஆடு மாடு தொடர்ந்து கடிப்பினும் சந்தன இலை சிறுத்து வெளிறும். வறட்சியில் வாடியது மழைக்குப்பின் பழைய அளவில் துளிர்க்கும். ஸ்பைக் கண்டதோ மழைக்குப்பின் இன்னும் சிறிய இலையே விடும். ஆகவே ஒரு தடவை பார்த்து எழுதிய குறிப்பு பாதிக் குறிப்பே.

இரண்டாவது இதனினும் கொடிது. கிருமி புகுந்த மரம் பல மாதங்கள் வரையில் யாதொரு குறியும் காட்டாமல் நிற்கக்கூடும். ஆரோக்கியமென்று எண்ணப்படும் மரத்திலேயே வியாதி குடியிருக்கும். இதற்காக இலைக்காம்பையும் நடுநரம்பையும் எடுத்து, பனிக்கட்டியில் வைத்துப் பரிசோதனைச் சாலைக்குக் கொண்டுசென்று, கிருமியின் மரபுப் பொருளைப் பெருக்கிப் பார்க்கும் முறை இப்போது வந்துள்ளது. அம்முறையிலும் ஒரு குறை உண்டு. கிருமி மரமெங்கும் சமமாகப் பரவியிராது. ஒரு கொம்பில் இருக்கும், மறு கொம்பில் இராது. கொம்பு தவறி எடுத்தால் நோயுள்ள மரமும் நோயற்றது என்று விடை வரும். "இல்லை" என்ற விடைக்கு "எடுத்த துண்டில் அகப்படவில்லை" என்பதே பொருள் என்று நல்ல ஆய்வாளர் தம் குறிப்பில் எழுதி வைப்பார்.

மூன்றாவது மயக்கம் கணக்கிலேயே உள்ளது. ஓரிடத்தில் 100 மரங்கள் உள்ளன. 10 மரங்களில் நோய் என்று வைத்துக்கொள்வோம். திருடர் வந்து சேகு பாய்ந்த நல்ல மரங்களாகப் பார்த்து 40 மரங்களை வெட்டிச் சென்றால் மிச்சம் 60. அவற்றுள் நோயுள்ளவை அதே 10. நூற்றுக்கு 10 என்ற விகிதம் நூற்றுக்கு 16-க்கு மேல் உயர்ந்துவிட்டது; நோயோ ஒரு மரத்துக்கும் புதிதாகப் பரவவில்லை. இதற்கு மாறாக, நோய் கண்ட 10 மரங்களையும் இலாகாவே வெட்டி அப்புறப்படுத்திவிட்டால், மறுநாள் எண்ணுபவர்க்கு நோயே இல்லாத காடாகத் தோன்றும். ஒவ்வொரு மரத்துக்கும் எண் இட்டு, போன மரம் எவ்வாறு போயிற்று என்று எழுதிவைப்பது இக்காரணம் பற்றியே. சந்தனக் காடுகளில் திருட்டு எவ்வளவு நடந்ததென்பது யாவரும் அறிந்ததே. அதனை ஒதுக்கிவிட்டு நோயின் கணக்கை மட்டும் எழுத முடியாது.

இனி, இவ்வுத்தியோகத்தில் மிகக் கடினமான கேள்விக்கு வருவோம். வெட்டுவதா, விடுவதா?

நோய் கண்ட மரத்தை அகற்ற வேண்டுமென்பதில் பெரிய விவாதமில்லை. அது எப்படியும் மடியப்போவது. இருக்கும்வரை பூச்சிகட்குக் கிருமியை வழங்கிக்கொண்டிருப்பது. அதனைச் சுற்றி நல்லவையாகத் தோன்றும் மரங்களைப் பற்றியே விவாதம். மறைந்திருக்கும் நோயை எண்ணினால் அவற்றையும் வெட்டிவிடலாம் போலத் தோன்றும். வெட்டினால் சேகையாவது காசாக்கலாம் என்ற ஆசையும் அவ்வாலோசனைக்குத் துணைவரும். ஆனால், பத்துப் பன்னிரண்டு மரங்கள் பட்டுப்போன இடத்தில் ஒரு மரம் மட்டும் வருஷக்கணக்காகப் பசுமையாய் நின்றால் அது நோயைத் தாங்கும் பிறவிக்குணம் உடையதாக இருத்தல் கூடும். அத்தகைய மரங்களைத் தேடி எடுக்கும் முயற்சிகள் சந்தனத்தில் நடந்துள்ளன. எச்சரிக்கை என்ற பெயரால் அதனையும் வெட்டிவிட்டால், எந்த விதையினின்று அடுத்த காட்டை உண்டாக்குவது?

இது வெறும் யூகமன்று என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் செஸ்ட்நட் மரத்துக்கு நேர்ந்த கதி சான்று. 1904-ல் நியூயார்க் நகரில் அம்மரங்களின் பட்டையில் ஒரு பூஞ்சைக்காளான் நோய் காணப்பட்டது. அது ஆசியாவினின்று வந்தது. 1911-ல் பென்ஸில்வேனியா ராஜ்யம் இதற்கென ஒரு கமிஷன் அமைத்து, நோய் கண்ட மரங்களை வெட்டிப் பரவலைத் தடுக்க முயன்றது. காற்றிலும் பறவைகளின் காலிலும் செல்லும் வித்துக்களை வெட்டுதலால் நிறுத்த முடியவில்லை. 1913-ல் கமிஷன் முடிவடைந்தது. நோய் வருமுன் வெட்டி விற்றுவிடுவோம் என்று நல்ல மரங்களையும் பலர் வெட்டினர். 300 கோடிக்கு மேற்பட்ட மரங்கள் அத்தேசத்தில் அழிந்தன என்று மதிப்பிடுகின்றனர். அவற்றுள் நோயைத் தாங்கக்கூடியவை சில இருந்து, நோயாலன்றிக் கோடரியால் அழிந்திருக்கலாம் என்ற வருத்தம் அங்குள்ள வன சாஸ்திரிகளுக்கு இன்றும் உண்டு. அந்த அனுபவத்தின் பயனோ என்னவோ, ஐரோப்பாவில் ஆஷ் மரத்தை 1992 முதல் தாக்கிவரும் நோயில், அபாயமில்லாத இடங்களில் நிற்கும் நல்ல மரங்களை வெட்டாது விடும்படி பல சர்க்கார்கள் கூறுகின்றன. டென்மார்க்கில் செய்த பரிசோதனைகளில் நூற்றுக்கு 1 முதல் 5 வரை மரங்கள் நோயை நன்கு தாங்குவது கண்டறியப்பட்டது.

ஆகவே ஆய்வாளர் எழுதும் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு கோடரி காத்திருக்கிறது. தவறாக "நோய்" என்று எழுதினால் நாற்பது வருஷத்து மரம் போம். தவறாக "நலம்" என்று எழுதினால் பக்கத்து மரங்கள் போம். இரண்டில் எத்தவறு பெரிதென்று புஸ்தகத்தில் விதியில்லை. மரங்கள் மிகுந்த இடத்தில் முதல் தவறைப் பொறுக்கலாம். மரங்கள் அருகிப்போன இடத்தில் அதனைப் பொறுக்க முடியாது. சந்தனமோ 1998 முதல் சர்வதேசப் பட்டியலில் அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது. ஆகையால் இன்று சந்தேகத்தின் பயனை மரத்துக்கே தருவது நியாயமெனத் தோன்றுகிறது.

குடியானவர் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. 1792-ல் மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் சந்தனத்தை ராஜ மரமாக்கினார். அதன்பின் வந்த ஆட்சிகளும் ஏறக்குறைய அவ்வழியே சென்றன. தன் பட்டா நிலத்தில் தானாக முளைத்த மரமும் தன்னுடையதன்று என்றால், அதன் இலை சிறுத்தால் என்ன, பெருத்தால் என்ன? மரம் திருட்டுப்போனால் விசாரணை மட்டும் தன்மேல் வரும் என்று பயந்து, கன்று சிறிதாயிருக்கும்போதே கிள்ளி எறிந்தோர் அநேகர். இவ்வளவு கட்டுக்காவல் நோயைத் தடுக்க உதவவில்லை. நோயைப் பற்றிய செய்தி ரேஞ்சு ஆபீஸுக்கு வராமல் தடுக்கத்தான் உதவிற்று எனலாம். கர்நாடகத்தில் 2001-லும் தமிழ்நாட்டில் 2002-லும் சட்டம் திருத்தப்பட்டு, நிலத்துக்குரியவரே மரத்துக்கும் உரியவராயினர். அதன்பின் தோட்டங்களில் சந்தனம் நடுவோர் பெருகியுள்ளனர். வெட்டுவதற்கும் கொண்டு செல்வதற்கும் வன இலாகாவின் அனுமதி வேண்டும் என்பது நீங்கவில்லை.

தோட்டத்தில் நட்டோர் சில விஷயங்களைக் கவனித்தல் நலம். கன்று வாங்குமுன் அந்நாற்றங்காலைச் சுற்றிலும் ஸ்பைக் கண்ட மரம் நிற்கிறதா என்று நேரில் பார்த்துக்கொள்ள வேண்டும். சந்தனத்துக்குத் துணையாகப் பலவகைச் செடி மரங்களைக் கலந்து வைப்பது, ஒரே வகையை வைப்பதினும் மேலானது; ஒன்று பட்டுப்போயினும் வேறொன்றை வேர் பற்றிக்கொள்ளும். வருஷத்துக்கு ஒரு முறையேனும், மழைக்குப்பின் புதுத்துளிர் விட்டிருக்கும் சமயத்தில், ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்க்க வேண்டும். அடிக்கொம்புகளை மட்டும் பார்த்தால் உச்சியில் தொடங்கும் நோய் தெரியாது. சந்தேகம் தோன்றினால் கோடரியை எடுக்கலாகாது. கொம்பை ஒடித்துக்கொண்டு பிறர் தோட்டத்துக்குக் காட்டச் செல்வதும் கூடாது. மரத்துக்கு ஓர் அடையாளமிட்டு, இலை சிறுத்தது எந்த மாதத்தில் முதன்முதல் தெரிந்தது, அதற்குமுன் மழை எவ்வாறிருந்தது, மரத்தைச் சுற்றிப் பத்துக் கஜத்துக்குள் என்னென்ன செடிகள் உள்ளன, அவற்றில் எதுவேனும் சமீபத்தில் வெட்டப்பட்டதா என்பவற்றைக் காகிதத்தில் எழுதி ரேஞ்சு ஆபீஸில் கொடுக்கலாம். ஆய்வாளர் வந்தவுடன் முதலில் கேட்கும் கேள்விகளும் இவையே.